சத்யம் முதலீட்டாளர் வழக்கு

ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் பொய்க்கணக்கு காட்டி முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக, ஓய்வூதிய நிதியங்கள் முன்னின்று நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்தில் நடத்திய குழு வழக்கு (பாதிக்கப்பட்ட பலர் சார்பில் சிலர் நடத்தும் வழக்கு) இது. 2009இல் தொடங்கி 2011இல் சமரசத்தில் முடிந்தது.

2009 ஜனவரி 7 அன்று நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் மோசடியை ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் இறுதியில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்ட ரூ.5,361 கோடியில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை. அந்தக் காலாண்டுக்கு 24 விழுக்காடு என்று காட்டிய இயக்க லாப விகிதம் உண்மையில் 3 விழுக்காடுதான். மும்பைச் சந்தையில் பங்கு விலை அன்று ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது.

இத்தனை பெரிய தொகை தணிக்கையில் எப்படித் தப்பியது? வங்கி இருப்பை வங்கியிடமே நேரில் கேட்டு உறுதிசெய்வது தணிக்கையின் அரிச்சுவடி. சத்யத்தின் தணிக்கையாளர்களான பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்தியக் கிளைகளோ, உறுதிக் கடிதங்களை அனுப்பும் வேலையையும் பதிலை வாங்கும் வேலையையும் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டன என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கண்டறிந்தது. கணக்கு யாருடையதோ அவரே சாட்சியும் சொல்லியிருக்கிறார். இந்த விவகாரத்தில் மிகவும் வெட்கக்கேடான பகுதி இதுவே.

2001 முதல் சத்யத்தின் வைப்புப் பங்குகள் நியூயார்க் சந்தையிலும் விற்பனையாகி வந்தன. அதனால் அமெரிக்கப் பங்குச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர வழியிருந்தது. அங்கே குழு வழக்குகளில் முன்பெல்லாம் யார் முந்திக்கொண்டு மனுப் போடுகிறாரோ அவர் கையில் வழக்கு போய்விடும். 1995ஆம் ஆண்டுச் சட்டம், அதிகம் இழந்தவருக்கே முதன்மை வாதியாகும் முன்னுரிமை தந்தது. ஓய்வூதிய நிதியங்கள் முன்வரிசைக்கு வந்தது அதன் பிறகுதான். சத்யம் வழக்கில் மிசிசிப்பி மாநில அரசு ஊழியர் ஓய்வூதிய அமைப்பு, பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், டென்மார்க்கின் சாம்பென்ஷன், நார்வேயின் ஸ்காகன் ஆகியவை முதன்மை வாதிகளாயின. மிசிசிப்பியின் பள்ளி ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர்களும் வயதான காலத்துக்கு நம்பியிருந்த பணம் ஹைதராபாத்தின் கணக்கேட்டில் சிக்கியிருந்தது.

2011இல் சத்யம் 12.5 கோடி டாலரும், பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தரப்பு 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன.

இந்தியாவில் பங்கு வாங்கிய உள்ளூர்ச் சிறு முதலீட்டாளர்களுக்கு இதில் ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை. மிடாஸ் டச் முதலீட்டாளர் சங்கம் அவர்கள் சார்பில் இழப்பீடு கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. ஆணையம் ஏற்க மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஒரே பொய், ஒரே இழப்பு. ஆனால் வாங்கிய சந்தையைப் பொறுத்து நீதி மாறியது. 2015இல் ராஜு உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 7 ஆண்டுச் சிறை விதித்தபோதும், பங்குதாரர்களுக்கு இழப்பீடு அதில் வரவில்லை.

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 245ஆம் பிரிவு இந்தியாவிலும் குழு வழக்குக்கு இடம் தந்தது. 2016இல் அது நடைமுறைக்கு வந்தது. தவறான அறிக்கை தந்த தணிக்கையாளரிடமும் அதன்கீழ் இழப்பீடு கேட்கலாம். வங்கி நிறுவனங்களுக்கு மட்டும் அந்தப் பிரிவு பொருந்தாது.