அரண்மனைக்கு வந்த ஆங்கில ஆசிரியை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பிரான்சிஸ் லைட் அடக்கம் செய்யப்பட்டுள்ள பழைய கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அங்கே தாமஸ் லியோனோவன்ஸ் என்பவரின் கல்லறையும் இருக்கிறது. 1859ஆம் ஆண்டு பினாங்கில் இறந்துபோன ஒரு வெள்ளைக்காரர். பெரிய அதிகாரி அல்ல, படைத்தளபதியும் அல்ல. பினாங்கில் ஹோட்டல் நடத்தியவர். ஆனால் அவர் விட்டுச் சென்ற மனைவியின் கதை ஹாலிவுட் வரை போனது.

அந்த மனைவிதான் அன்னா லியோனோவன்ஸ். 1999இல் ஜோடி பாஸ்டரும் சாவ் யுன் பாட்டும் நடித்த 'அன்னா அண்ட் தி கிங்' படம் இவரைப் பற்றியதே. தாய்லாந்து அரசு அனுமதி மறுத்ததால் ஈப்போ, பினாங்கு, லங்காவி ஆகிய இடங்களில் அதைப் படமாக்கினார்கள். அனுமதி ஏன் மறுக்கப்பட்டது? அதைத் தெரிந்துகொள்ள, அன்னா தமது புது வாழ்வை எப்படித் தொடங்கினார் என்பதைப் பார்க்க வேண்டும்.

கையில் இரண்டு குழந்தைகள்

கணவர் இறந்தபோது அன்னாவுக்கு வயது 27. ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைச் சாகக் கொடுத்தவர். மிஞ்சியிருந்தவர்கள் மகள் ஏவிஸ், மகன் லூயிஸ். சிங்கப்பூருக்கு வந்து, பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளுக்காகச் சிறிய பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதில் போதிய வருமானம் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சயாம் மன்னர் மோங்குட் ஓர் ஆங்கில ஆசிரியையைத் தேடிக்கொண்டிருந்தார். தேடித் தந்தவர் சிங்கப்பூரில் சயாமின் தூதராக இருந்த வணிகர் டான் கிம் சிங். டான் டொக் செங் மருத்துவமனைக்குப் பெயர் தந்தவரின் மகன்தான் இவர்.

மன்னர் சாதாரணமானவர் அல்ல. 27 ஆண்டுகள் புத்த பிக்குவாக இருந்து, 1851இல் அரியணை ஏறியவர். ஆங்கிலமும் வானியலும் கற்றவர். ஒரு பக்கம் பர்மாவைப் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவுக்குள் கால் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்களின் மொழி தெரிந்தால்தான் வருங்காலத்தில் அவர்களோடு பேசி நாட்டைக் காப்பாற்ற முடியும் என்று அவர் எண்ணினார். முன்பு பாடம் நடத்திய மிஷனரிப் பெண்கள் மதத்தையும் சேர்த்துப் போதித்ததால், இந்த முறை தெளிவாகவே எழுதினார்: ஆங்கிலமும் அறிவியலும் இலக்கியமும் போதும், மதமாற்றம் கூடாது.

1862 மார்ச் மாதம் அன்னா பாங்காக் வந்து இறங்கினார். மகளைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, மகனை மட்டும் உடன் அழைத்து வந்தார். சொன்னபடி வீடு தயாராக இல்லை, முதலமைச்சர் மாளிகையில் தங்கிக் காத்திருக்க நேர்ந்தது என்று பின்னாளில் எழுதினார். புது ஊர், புரியாத மொழி, தெரியாத வழக்கங்கள். ஆனாலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றார். மன்னரின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னார். மன்னரின் ஆங்கிலக் கடிதங்களுக்கும் உதவினார். அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவர்தான் பின்னாளில் மன்னரான சூலாலங்கோன்.

மறைத்து வைத்த பிறப்பு

தாம் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர், தந்தை ஒரு கேப்டன், கணவரும் ராணுவ அதிகாரி, புலி வேட்டைக்குப் போய் வெயில் தாக்கி இறந்தார் என்றெல்லாம் அன்னா சொல்லிவந்தார். உலகமும் நம்பியது. 1970களில் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய ஆய்வாளர் லூயிஸின் வாழ்க்கையை எழுதுவதற்காகப் பழைய ஆவணங்களைத் தேடியபோதுதான் குட்டு உடைந்தது.

அன்னா பிறந்தது 1831இல், இந்தியாவின் அகமத்நகரில். தந்தை ஒரு சாதாரண சார்ஜண்ட். மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டி இந்திய இரத்தம் கலந்தவராக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1849இல் அன்னா மணந்தது ஓர் எழுத்தரை. அவர் இறந்ததும் புலி வேட்டையால் அல்ல, மூளையில் ஏற்பட்ட திடீர்ப் பாதிப்பால். தமது உடன்பிறந்த சகோதரியின் குடும்பத்தோடும் அன்னா தொடர்பை அறுத்துக்கொண்டார்.

ஏன் இந்தப் பொய்? அன்றைய காலனி சமுதாயத்தில் கலப்பினப் பெண் என்று தெரிந்தால் துரைமார்கள் தங்கள் பிள்ளைகளை அவரிடம் அனுப்பியிருப்பார்களா? விதவைக்குப் பிழைக்க வழி வேண்டும். தோல் நிறத்தையும் பிறப்பையும் பார்த்துக் கதவைத் திறந்த உலகத்துக்கு, அவள் சொன்ன பதில் அது. அந்தப் பொய்யைக் குறை சொல்வதற்கு முன், அந்தக் கதவைச் செய்தவர்களையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது பொய்

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1867இல் விடுப்பில் புறப்பட்ட அன்னா திரும்பவே இல்லை. மறு ஆண்டு மன்னர் மோங்குட் காலமானார். இளம் மன்னர் நன்றிக் கடிதம் எழுதினாரே தவிர, மீண்டும் வேலைக்கு அழைக்கவில்லை. மறுபடியும் வருமானம் தேவைப்பட்டது. அன்னா பேனாவை எடுத்தார். 1870இல் ஒரு நூல், அதற்குப் பின் அரண்மனை அந்தப்புரத்தைப் பற்றி இன்னொரு நூல். அறிவும் பக்தியும் நிறைந்த மன்னர் அவற்றில் பல இடங்களில் கொடுங்கோலராகக் காட்டப்பட்டார். அரண்மனையில் பாதாளச் சிறை, காதலர்கள் உயிரோடு எரிப்பு என்று எழுதினார். தோண்டினால் தண்ணீர் ஊறும் பாங்காக் மண்ணில் பாதாளச் சிறை எப்படி என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்கள்.

அந்த நூல்களிலிருந்து 1944இல் ஒரு நாவல் வந்தது. 1951இல் இசை நாடகம், 1956இல் திரைப்படம். ஆடிப்பாடும் கோமாளியாக மன்னரை உலகம் கண்டு ரசித்தது. தாய்லாந்து அந்தப் படத்தைத் தடை செய்தது. 1999 படத்துக்கும் அதே கதிதான்.

1897இல் லண்டனில் சூலாலங்கோன் மன்னர் தம் பழைய ஆசிரியையைச் சந்தித்தார். சயாமில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்து, 1905இல் முற்றுப்புள்ளி வைத்த மன்னர் அவர். என் தந்தையைப் பற்றி ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அவர் வருந்திக் கேட்டதாக அன்னாவின் குடும்பத்தாரே பின்னாளில் தெரிவித்தார்கள்.

அன்னா கனடாவில் குடியேறி, ஹாலிபாக்ஸ் நகரில் கலைப் பள்ளி உருவாகக் காரணமானவர்களில் ஒருவராகி, 1915இல் மொண்ட்ரியலில் காலமானார். துணிச்சலான பெண், உழைப்பாளி. அதை யாரும் மறுக்க முடியாது.

அயல்நாட்டில் புது வாழ்வு தொடங்குகிறவர்கள் பழையதில் கொஞ்சத்தை மறைப்பது உண்டு. பிழைப்புக்காகத் தன்னைப் பற்றிச் சொன்ன பொய்யைக் காலம் மன்னித்துவிடும். ஆனால் வேலை கொடுத்து, வீடு கொடுத்து, தம் பிள்ளைகளையே ஒப்படைத்தவரைப் பற்றிச் சொன்ன பொய்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் தாய்லாந்து மக்களின் மனத்தில் ஆறாமல் இருப்பது அந்த இரண்டாவது பொய்தான்.