தமிழ்நிலத்தில் பௌத்தத் தியானம்

பௌத்தத் தியானம் என்பது மனத்தை ஒருநிலைப்படுத்தி, அதில் எழுவனவற்றை உள்ளபடி கண்டு, ஆசை, வெகுளி, மயக்கம் ஆகிய மூன்றையும் தேய்த்து, அன்பையும் அருளையும் வளர்க்கும் பயிற்சி. பாலி நூல்கள் இதை இரு பெரும் பிரிவாகச் சொல்லும். அலையும் மனத்தை அமைதிப்படுத்துவது சமதம். நிலையாமையை நேரே கண்டறிவது விபாசனா. சமதத்துக்குரிய 40 தியானப் பொருள்களில் நான்கு பிரமவிகாரங்கள் எனப்படும். எல்லா உயிரின் நலத்தையும் விழையும் மைத்திரி, துன்பம் கண்டு துடைக்க முனையும் கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழும் முதிதை, விருப்பு வெறுப்பற்ற உபேக்கை ஆகியவை அவை.

தமிழில் இப்பயிற்சியை முறையாக எடுத்துச் சொன்ன பழைய நூல் மணிமேகலை. அதை இயற்றியவர் மதுரையில் கூல வாணிகம் செய்த சாத்தனார். அரிசியும் பயறும் அளந்த கை எழுதிய காப்பியம் என்பதாலோ என்னவோ, அதில் தியானம் பசியிலிருந்து ஒருபோதும் பிரிவதில்லை. தமிழ்நிலத்துப் பௌத்தத்தின் தனிச்சிறப்பு இதுவே.

மதுரையும் பாண்டிநாடும்

கி.மு. 3ஆம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டுகளில் பாண்டியர் பெயர் இடம்பெறுகிறது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததாக அசோகர் அறிவிக்கும் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, அந்த வசதி சென்ற எல்லைப்புற நாடுகளில் பாண்டிநாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தெற்கே மலகூடம் என்றொரு நாட்டை வருணிக்கிறார். அறிஞர் பலர் அதைப் பாண்டிநாடு எனக் கொள்வர். பழைய விகாரைகள் பல அங்கே இடிந்து கிடந்தன என்றும், துறவிகள் சிலரே எஞ்சியிருந்தனர் என்றும், தலைநகருக்குக் கிழக்கே அசோகரின் உறவினர் மகேந்திரர் எழுப்பிய மடம் பாழடைந்திருந்தது என்றும் அவர் குறிக்கிறார்.

மதுரையை ஒட்டிய திருப்பரங்குன்றத்திலும், கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும், மாங்குளம், அரிட்டாபட்டிக் குன்றுகளிலும் உள்ள குகைகளைப் புத்த பிக்குகளின் தியானக் குகைகள் என்று எண்ணுவோர் உண்டு. அது பொருந்தாது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் பிற்காலத் தீர்த்தங்கரர் சிற்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் அவை சமணத் துறவிகளுடையவை எனத் தெளியலாம். மதுரையில் பௌத்தம் விட்டுச்சென்ற பெருஞ்சான்று கல்லில் இல்லை. அது காப்பியத்தில் இருக்கிறது.

மணிமேகலை காட்டும் வழி

மணிமேகலையின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அதன் அளவையியல் பகுதிக்கும் வடமொழிப் பௌத்தத் தருக்க நூல்களுக்கும் உள்ள ஒப்புமையைக் கொண்டு 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பார் பலர்.

கதையின் நடுநாயகமான அமுதசுரபி என்னும் பாத்திரம் கிடைத்த இடம் மதுரை. வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை விடுவித்ததற்காக ஊரால் துரத்தப்பட்ட ஆபுத்திரன் தென்மதுரைக்கு வருகிறான். சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் இரந்து, கண்ணில்லாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், ஆதரவற்றவர், நோயாளர் எல்லோரையும் அழைத்து உண்பித்து, மிஞ்சியதைத் தான் உண்கிறான். மழை இருண்ட ஒரு நள்ளிரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் வாடி நின்றபோது, சிந்தாதேவி எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தைத் தருகிறாள். அவன் ஒரு தியானமும் கற்றவனில்லை. அருள் அவனிடம் இயல்பாக ஊறியது. ஆனால் நாட்டில் மழை பெய்து வளம் பெருகி, உணவு கேட்பார் இல்லாமற்போனபோது அவனால் அமைதி கொள்ள முடியவில்லை. கப்பலேறி, மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான்.

அதே பாத்திரம் பின்னர் காப்பியத் தலைவி மணிமேகலை கைக்கு வருகிறது. அவளுக்கு அறவண அடிகள் என்னும் ஆசிரியர் இருக்கிறார். படிப்படியான பயிற்சி இருக்கிறது. இயல்பான இரக்கமும் பயின்று பெற்ற அருளும் வேறு வேறு என்பதைச் சாத்தனார் இந்த இருவரையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகிறார் என்றே கொள்ள வேண்டும். மணிமேகலை புகார் நகரச் சிறைக்குள் போய்க் கைதிகளுக்கு உணவிடுகிறாள். அரசன் மகிழ்ந்து என்ன வேண்டும் என்று கேட்க, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரும்படி கேட்டுப் பெறுகிறாள்.

பயிற்சிக்குச் சோதனையும் வருகிறது. இளவரசன் உதயகுமரன் கொலையுண்ட பின் அவளே சிறைப்படுகிறாள். மகனை இழந்த அரசி இராசமாதேவி அவளைத் தன் பொறுப்பில் வாங்கி, மானபங்கம் செய்விக்க முயல்கிறாள். நோயாளி என்று சொல்லி அறையில் அடைத்துப் பட்டினி போடுகிறாள். எதற்கும் மணிமேகலை கலங்கவில்லை. இறுதியில் அரசி அஞ்சி நடுங்கும்போது, அவளுக்கு ஆறுதல் சொல்வதும் மணிமேகலையே. நீ அழுதது மகன் உடலுக்கா, உயிருக்கா என்று கேட்கிறாள். உடலுக்கு என்றால் அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது யார்? உயிருக்கு என்றால் அது போன இடம் அறிய முடியாதது. அந்த உயிரிடத்து அன்பிருந்தால் எல்லா உயிர்க்கும் இரங்கத்தானே வேண்டும்? பகைவராய் நின்றவரையும் தன் அன்பின் எல்லைக்குள் கொண்டுவருவது மைத்திரிப் பயிற்சியின் கடினமான படி. தமிழில் அதை இவ்வளவு நேராகக் காட்டிய காட்சி வேறில்லை.

கடைசிக் காதையான முப்பதாவதில் அறவண அடிகள் காஞ்சியில் அவளுக்கு ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு நிதானங்களை விளக்கிவிட்டு, மனத்தின் மூன்று குற்றங்களுக்கும் மருந்து சொல்கிறார். நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை, தூய்மை இன்மை ஆகியவற்றை ஆழ்ந்து கண்டு பற்றை அறுக்க வேண்டும். மைத்திரி, கருணை, முதிதை மூன்றாலும் செற்றத்தை ஒழிக்க வேண்டும். கேட்டல், சிந்தித்தல், பாவித்தல், நேரே காணல் என்னும் நான்கால் மயக்கத்தைப் போக்க வேண்டும். சில அடிகளில் முடிந்துவிடுவதால் வகுப்பறைகளில் இப்பகுதியைத் தத்துவச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் எந்த நோய்க்கு எந்தத் தியானம் என்று வகுத்துத் தரும் செய்முறைக் குறிப்பு இது. உபேக்கையை மட்டும் இங்கே சொல்லவில்லை. வெகுளியை நேராக முறிப்பவை மற்ற மூன்றும் என்பதால் அவற்றோடு நிறுத்தியிருக்கலாம்.

பாலி உரைகளும் தமிழ்நாட்டுத் துறவிகளும்

இதே மரபின் விரிவான கையேடு 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் இலங்கையின் அநுராதபுரத்து மகாவிகாரையில் பாலியில் எழுதிய விசுத்திமக்கம். தம் உரைகளின் முடிவுரையில் அவர் மயூரபட்டினத்திலும் காஞ்சியிலும் உடனுறைந்த பிக்குகளை நினைவுகூர்கிறார். உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து அபிதம்மாவதாரம் எழுதினார். விசுத்திமக்கத்துக்குப் பரமத்தமஞ்சூசை என்னும் பேருரை தந்தவர் தர்மபாலர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருந்த பதரதித்த விகாரையோடு மரபு அவரை இணைக்கிறது. கருணையும் அறிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும், கருணையில்லாத அறிவும் அறிவில்லாத கருணையும் நிறைவுபெறா என்பதை விரித்துரைத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

விசுத்திமக்கத்தின் ஒன்பதாம் அதிகாரம் மைத்திரியை எப்படித் தொடங்குவது என்று கற்பிக்கிறது. எடுத்த எடுப்பில் பகைவனிடம் போகக்கூடாது. மிக நெருங்கிய அன்பரிடமும் கூடாது. முதலில் தனக்கு நலம் விழைந்து பழக வேண்டும். தான் இன்பத்தை விரும்புவதுபோலவே மற்றவரும் விரும்புவர் என்று தன்னையே சான்றாக வைத்து, பின் மதிப்புக்குரிய ஆசிரியர், அன்பர், முன்பின் அறியாதவர், பகைவர் என்று விரித்துச் செல்ல வேண்டும். பகைவரை நினைத்ததும் கோபம் மூண்டால் அதைத் தணிக்கப் பல வழிகளை அடுக்குகிறார் ஆசிரியர். அவரிடம் உள்ள ஏதாவது ஒரு நல்ல குணத்தை எண்ணிப் பார். கோபம் உன்னைத்தான் சுடுகிறது என்று உணர். எதுவும் பலிக்காவிட்டால் இறுதி வழி ஒன்று: அவருக்கு ஏதேனும் ஒன்றைக் கையால் கொடு. உட்கார்ந்து செய்யும் பயிற்சி தடைப்படும் இடத்தில், எழுந்துபோய் ஈயச் சொல்கிறது தியான நூல். சாத்தனார் கண்ட பௌத்தமும் இதுவே.

பயிற்சி நிறைந்ததற்கு அடையாளமாக ஒரு நிகழ்ச்சியையும் நூல் கற்பனை செய்கிறது. தான், அன்பர், அயலார், பகைவர் என நால்வர் அமர்ந்திருக்கக் கள்வர் வந்து பலிகொடுக்க ஒருவரைக் கேட்கிறார்கள். பகைவரைக் காட்டினாலும், என்னைக் கொண்டுபோங்கள் என்று சொன்னாலும் பயிற்சி முற்றவில்லை. நால்வரில் யாரையும் கொடுக்க மனம் இடம் தராத நிலையே எல்லை உடைந்த மைத்திரி.

ஒவ்வொரு குணத்துக்கும் தொலைவில் ஒரு பகையும் அருகில் ஒரு பகையும் உண்டு என்பது இந்நூலின் மிக நுட்பமான கருத்து. மைத்திரிக்குத் தொலைப்பகை வெறுப்பு. அருகிருந்து ஏமாற்றுவது பற்று. கருணைக்குத் தொலைப்பகை கொடுமை. அருகில் நிற்பது துக்கம். பிறர் துன்பம் கண்டு தானும் உடைந்துபோவதைக் கருணை என்று மயங்கக்கூடாது. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்களாக இருந்த தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் நடத்திய மூளை ஆய்வுகள் இங்கே நினைக்கத்தக்கவை. பிறர் வலியைத் தன் வலியாக உணரப் பயிற்றப்பட்டவர்களிடம் வேதனை கூடியது. பின்னர் அவர்களுக்கே கருணைத் தியானம் கற்பித்தபோது அந்த வேதனை தணிந்து கனிவுணர்வு வளர்ந்தது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரிந்து தளர்ந்துபோகும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

தமிழகத் தொடர்புள்ள மற்றொரு பெயர் அநுருத்தர். காஞ்சி நாட்டுக் காவிரி நகரில் பிறந்தவர் என்று பரமத்தவினிச்சயம் என்னும் நூல் தன் ஆசிரியரைக் குறிக்கிறது. அபிதம்மத்தசங்ககம் என்ற சிறு நூலும் அவருடையதே என்பது மரபு. ஒன்பது அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் கடைசி அதிகாரம் தியானம் பற்றியது. பர்மாவில் பிக்குகள் பயிலும் அடிப்படைப் பாடநூலாக அது வேரூன்றியது.

தேய்வு

7ஆம் நூற்றாண்டு முதல் சைவ, வைணவ பக்தி இயக்கங்கள் எழுச்சி பெற, பாண்டிநாட்டில் பௌத்தம் மங்கியது. சோழநாட்டுக் கடற்கரையில் அது நீடித்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை நிவந்தமாக அளித்த செய்தியை லைடன் செப்பேடுகள் சொல்கின்றன. நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த பழைய கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த சுமார் 350 செப்புத்திருமேனிகளில் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

மீட்சி

1898ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சேற்றினார். பௌத்தக் கலைச்சொற்களை விளக்கத் தமிழில் யாரும் இல்லாத நிலையில், ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொன்ன மளூர் ரங்காசாரியரின் துணையோடு அவர் அந்த இருளைக் கடந்தார். அதே ஆண்டில் அயோத்திதாச பண்டிதர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய இதழ் பின்னர் 'தமிழன்' என்னும் பெயரில் நிலைத்தது. சாதி இழிவைச் சுமத்தப்பட்ட மக்களுக்குப் பௌத்தம் தன்மானமும் அறவாழ்வும் தரும் என்பதே அவர் பணியின் உயிர்நாடி. தியான முறைகளுக்கு அதில் சிறிய இடமே இருந்தது.

தியான மரபு திரும்பி வந்த வழி பர்மா. லெடி சயாடோ (1846–1923) அபிதம்மத்தசங்ககத்துக்கு விளக்கம் எழுதியதோடு, அதைப் பொதுமக்கள் மனனம் செய்யப் பர்மியப் பாட்டாகவும் ஆக்கி, இல்லறத்தாரும் விபாசனா பயிலலாம் என்று ஊர் ஊராகப் போதித்தார். அவருடைய மாணவர் சயா தெட்ஜி ஓர் உழவர். தெட்ஜியிடம் கற்ற ஊ பா கின், விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். ஊ பா கின்னிடம் 1955இல் ஒற்றைத் தலைவலிக்கு வழிதேடிச் சென்றவர் மண்டலேயில் பிறந்த வணிகர் ச.நா. கோயங்கா (1924–2013). அவர் 1969இல் இந்தியா வந்து பத்துநாள் முகாம்களைத் தொடங்கினார். தமிழ்நிலத்தோடு தொடர்புள்ள ஒரு நூல் கடல் கடந்து போய் வேரூன்றி, ஓர் உழவர், ஓர் அரசு அலுவலர், ஒரு வணிகர் கைகளின் வழியே திரும்பியது என்று இதைப் பார்க்கலாம்.

இன்று

மதுரை வட்டாரத்தினருக்கு இன்று அருகில் உள்ள இரு இடங்களும் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளன. ஒன்று, கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜெண்டோ. 1936இல் பர்மாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த இயேசு சபைக் குரு அமா சாமி, ஜப்பானின் காமகுராவில் யமதா கோஉன் ரோஷியிடம் ஜென் பயின்று 1996இல் இதை நிறுவினார். ஜென்னின் மூலவர் போதிதர்மர் காஞ்சியிலிருந்து சீனம் சென்றவர் என்பது தமிழர் பலரின் நம்பிக்கை. பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொன்று தென்னிந்திய அரசன் மகன் என்கிறது. காஞ்சி என்ற பெயர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

மற்றொன்று, காந்திகிராமம் அருகே செட்டியபட்டியில் கோயங்கா மரபில் இயங்கும் தம்ம மதுரா மையம். முகாமுக்குக் கட்டணம் இல்லை. முன்பு பயின்றவர்களின் நன்கொடையால் நடக்கிறது. சமையலும் பிற பணிகளும் செய்வோர் ஊதியம் பெறாத பழைய மாணவர்கள். விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கிறது. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானம். நான்காம் நாளிலிருந்து உடலில் எழும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றிக் காணும் விபாசனா. பத்தாம் நாள் மௌனம் கலையும்போது மைத்திரி கற்பிக்கப்படுகிறது. ஒன்பது நாள் தன் கோபத்தையும் ஆசையையும் நேருக்கு நேர் பார்த்தவரிடமே உலகின் நலத்தை விழையச் சொல்லும் இந்த வரிசையைச் சிந்தித்து வகுத்த வரிசை என்றே சொல்ல வேண்டும்.

இப்பயிற்சி இந்தியச் சிறைகளுக்குள் 1975இல் ஜெய்ப்பூரில் முதன்முதலாக நுழைந்தது. கிரண் பேடி சிறைத்துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1994 ஏப்ரலில் தில்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் பத்து நாள் அமர்ந்தனர். அதன் தொடர்ச்சியாகத் திகாரின் மதிலுக்குள்ளேயே நிலையான விபாசனா மையம் ஒன்று அமைக்கப்பட்டது.