கல்லில் உறைந்த கொடிகள்

கல்முனையிலும் நிந்தவூரிலும் வேலிகளின்மீது படர்ந்திருக்கும் முடக்கொத்தானை நீங்கள் கண்டிருப்பீர்கள். காற்றடைத்த பை போன்ற அதன் காய்களை உடைத்துச் சிறுவர் மகிழ்வர். மூத்தோர் அதன் இலையை மூட்டுவலிக்கு மருந்தாகக் கொள்வர். இவ்வெளிய கொடியின் குலம் எத்தனை பழைமையானது? இவ்வினாவுக்கு விடை கூறியது ஏடன்று, ஒரு கல்லாகும்.

மண்ணில் புதையுண்ட மரம் அழுகுமுன்னர், நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா அதன் நுண்ணறைகளுட் புகுந்து படியுமாயின், மரத்தின் உள்ளமைப்பு கல்லிலே நிலைத்துவிடுகிறது. தமிழ்நாட்டின் திருவக்கரையிற் கிடக்கும் கல்மரங்கள் அவ்வாறு உருவானவையே. இத்தகைய கற்களை நெடுங்காலம் மக்கள் வியப்புக்குரிய பொருள்களாகவே பார்த்தனர். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நிக்கோல் அவற்றை ஒளி ஊடுருவும் மெல்லிய தகடுகளாகத் தேய்க்கும் முறையைக் கையாண்டார். அம்முறையின் துணைகொண்டு ஹென்றி விதம் 1831ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். அன்றுமுதல் நுணுக்குக்காட்டியின் கீழ்க் கல் பேசத் தொடங்கிற்று.

அவ்வாறாயின், மரம் எது, கொடி எது என்று எங்ஙனம் அறிவது? மரம் தன் பாரத்தைத் தானே தாங்குவது. ஆதலின் வலிய நார்கள் அதற்கு மிகுதியும் வேண்டும். கொடியோ பிறிதொன்றைப் பற்றி நிற்பது. அதன் ஒல்லியான தண்டு, உச்சியிலே பரந்து கிடக்கும் இலைகளுக்கெல்லாம் நீர் ஊட்டவேண்டும். எனவே நீர் செல்லும் காழ்க்கலன்கள் அகன்றிருக்கும். கலனின் விட்டம் இருமடங்கானால், அதே அழுத்தத்தில் 16 மடங்கு நீர் பாயும் என்பது பௌதிக விதி. ஆனால், அகன்ற கலனிற் காற்றுக்குமிழி புகுந்து நீரோட்டம் தடைப்படும் அபாயமும் உண்டு. ஆதலால் அதன் அருகே குறுகிய கலன்களும் அமைந்திருக்கும். தண்டு முறுக்குண்டாலும் முறியாதிருக்க மென்மையான இழையங்கள் இடையிடையே காணப்படும்.

எனினும், ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு முடிவு செய்தல் தகாது. மரங்களின் வேர்களிலும் அகன்ற கலன்கள் உண்டு. பல கூறுகளையும் இன்று வாழும் தாவரங்களோடு ஒப்பிட்டே ஆராய்ச்சியாளர் தீர்ப்புக் கூறுவர்.

பனாமாவிற் கிடைத்த கல்வேர்களை அவ்வாறே ஆராய்ந்தனர். அவை ஏறக்குறைய 1 கோடி 85 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. முடக்கொத்தான் அடங்கிய கொடிக்குலத்தைச் சேர்ந்தவை அவை என 2021ஆம் ஆண்டில் அறிவித்து, ‘ஆம்பெலோரைசா ஹெட்டெரோசைலான்’ என்று பெயரிட்டனர். ‘ஆம்பெலோரைசா’ என்பதற்குக் கிரேக்க மொழியிற் ‘கொடிவேர்’ என்பது பொருள்.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கருதுங்கள். வாழும் கொடியின் தண்டும் வேரும் ஒப்பிடுவதற்குக் கிடைத்தமையாலேயே அக்கல்லின் மொழி நமக்கு விளங்கிற்று. வேலிக்கொடிகள் ஒவ்வொன்றாய் மறையுமாயின், நாம் இழப்பது கைமருந்தை மட்டுமன்று. கோடியாண்டு வரலாற்றைப் படிப்பதற்கான அகராதியையும் இழப்போம். அடுத்த முறை வேலியைத் துப்புரவு செய்யக் கத்தி எடுக்கும்போது, அங்கே படர்ந்திருப்பது இன்ன கொடியென்று ஒரு கணம் நின்று பாருங்கள்.