மச்சைக்குப் புள்ளி போட்ட கதை

"வாப்பா எவ்வளவு காலத்துக்குத் தாங்குவார், டொக்டர்?" எம்.டி.எஸ். என்ற பெயர் வீட்டுக்குள் நுழைந்தால், கல்முனையிலும் நியூயோர்க்கிலும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். என்புமச்சை கெட்டு, இரத்த அணுக்கள் சரியாக முதிராமல் போகும் நோய் அது. பெரும்பாலும் வயது போனவர்களுக்கு வரும். ஒருவர் இரத்தம் ஏற்றிக்கொண்டே பல வருடம் இருப்பார். இன்னொருவருக்குச் சில மாதங்களில் லுக்கேமியாவாக மாறிவிடும்.

1997இல் பீட்டர் கிரீன்பேர்க்கும் கூட்டாளிகளும் 816 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஒரு புள்ளிக்கணக்கு அமைத்தார்கள். மச்சையில் முதிராத அணுக்கள் எத்தனை வீதம், நிறமூர்த்தங்களில் என்ன கோளாறு, எத்தனை வகை அணுக்கள் குறைந்துள்ளன என்ற மூன்றும்தான் அளவுகோல். 2012இல் 7,012 பேரை வைத்து அதைத் திருத்தினார்கள். அப்போதும் மரபணுவுக்குள் நடந்த சிறு மாற்றங்கள் கணக்கில் சேரவில்லை.

அந்த மாற்றங்கள் அதற்குள் ஒவ்வொன்றாகப் பிடிபடத் தொடங்கியிருந்தன. சிலருடைய மச்சையில் இரும்பைக் காட்டும் சாயம் இட்டுப் பார்த்தால், சிவப்பணுவாக வேண்டிய அணுவின் கருவைச் சுற்றி நீலப் பொட்டுகள் வளையமாக நிற்கும். பயன்படாமல் தேங்கிய இரும்பு அது. வைத்தியர்கள் நெடுங்காலம் பார்த்துவந்த இந்த வளையத்துக்கும் எஸ்.எஃப்.3பி.1 என்ற மரபணுவின் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பு 2011இல் தெரியவந்தது. அந்த மாற்றம் உள்ளவர்கள் பொதுவாக மற்றவர்களைவிட நீண்டகாலம் வாழ்கிறார்கள். டிபி53 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் அப்படியல்ல. ஆனால் அதிலும் இரண்டு பிரதிகளும் கெட்டவருக்கே பேராபத்து என்று 2020இல் எல்சா பேர்னார்ட் குழு காட்டியது. "டிபி53 இருக்கிறது" என்ற ஒரே வரியைக் கேட்டு நம்பிக்கை இழந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2022இல் பேர்னார்டும் எல்லி பபைமானுவிலும் பல நாட்டு வைத்தியர்களுடன் சேர்ந்து, 2,957 பேரின் தரவிலிருந்து ஐ.பி.எஸ்.எஸ்.-எம் என்ற புதிய கணக்கை வெளியிட்டார்கள். பழைய அளவுகளோடு 31 மரபணுக்கள். ஆபத்துக்கு ஆறு படிகள். 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 46 பேர் படி மாறினார்கள். மச்சை மாற்றுச் சிகிச்சை என்ற கடினமான பாதையில் யாரை அனுப்புவது, யாரை விட்டுவைப்பது என்று முடிவெடுக்க அந்தப் படியும் பார்க்கப்படுகிறது. ஜப்பானிய நோயாளிகள் 754 பேரிடமும் அந்தப் புதிய கணக்கைச் சோதித்துப் பார்த்தார்கள்.

இந்தக் கணக்கில் என் மனதுக்கு மிகப் பிடித்தது வேறொன்று. எல்லா மரபணுவையும் சோதிக்க எல்லா ஊராலும் முடியாது என்பதை அதைச் செய்தவர்கள் மறக்கவில்லை. சோதிக்காமல் விட்ட மரபணுக்கள் நல்லபடி இருந்தால் என்ன, சராசரியாக இருந்தால் என்ன, மோசமாக இருந்தால் என்ன என்று மூன்று விடைகள் அதில் வரும். மூன்றும் ஒரே படியில் விழுந்தால், மேலும் சோதித்தாலும் அந்தப் படி மாறப்போவதில்லை. விலகி விழுந்தால், காசு திரட்டியாவது சோதிக்கலாமா என்று வாப்பாவின் டொக்டரிடம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.