பானையில் பிறந்த ஸ்டீரியோ

திருவண்ணாமலையில் வீட்டு ஸ்பீக்கரின் வரலாற்றை எழுதுகிறவர் குயவர் சூளையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடையில் விற்கும் ஸ்பீக்கர் பெட்டி எங்கள் தெரு வீடுகளுக்குள் வருவதற்கு வெகு முன்பே, ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் பொருத்திப் பாட்டுக் கேட்ட தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. தமிழ்நாட்டின் டீக்கடைகளிலும் சலூன்களிலும் பானை ஸ்பீக்கரைப் பார்த்தவர்கள் ஏராளம். நான் அதைப் பார்த்தது என் அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடையில். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

இந்த ஊரின் காதுகளைப் பழக்கியது குழாய் ஸ்பீக்கர். கார்த்திகை தீபத் திருவிழாவின் நாட்களில் மாட வீதிகளில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுவார்கள். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல் எதுவானாலும் மைக் செட்காரர் முதல் நாளே வந்துவிடுவார். கூட்டத்தின் தலைக்கு மேலே குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோகத்தான் அந்தக் குழாய். சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலி அதில் பெரும்பாலும் வராது. தவிலின் வலந்தலை கணீரென்று கேட்கும். மறுபக்கமான தொப்பியின் கனத்த அடி காணாமல் போயிருக்கும். கோயிலில் மேளத்தை நேரில் கேட்டவர்களுக்கு அந்தக் குறை தெரியும். வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்ற ஆசை எங்கள் ஊரில் அந்தத் தொப்பி ஒலியைத் தேடித்தான் வளர்ந்தது என்று நம்புகிறேன்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. அதன் பிறகு மெல்ல மெல்ல வால்வு ரேடியோக்கள் வந்தன. வருடா வருடம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டி வைத்துக்கொள்ளும் பொருள் அது. வசதியான வீடுகளில்தான் இருக்கும். அந்த ரேடியோக்களில் முதலில் போவது வால்வு, அடுத்து கண்டென்சர். ஸ்பீக்கர் அவ்வளவு எளிதில் போகாது. டிரான்சிஸ்டர் வந்ததும் பழைய ரேடியோக்கள் எங்கள் கடைக்கு எடைக்கு வந்தன. அப்பா ஒவ்வொன்றிலிருந்தும் ஸ்பீக்கரைக் கழற்றித் துடைத்து அலமாரியில் அடுக்கினார்.

வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட விட்டால் கீச்சென்றுதான் பாடும். 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ரைஸும் கெலாக்கும் இன்றைய அசையும் சுருள் ஸ்பீக்கருக்கு வடிவம் கொடுத்த காலத்திலேயே தெரிந்த சங்கதி இது. ஸ்பீக்கரின் பேப்பர் கூம்பு முன்னால் தள்ளும் காற்று, பின்னால் உண்டாகும் வெற்றிடத்துக்கு ஓரமாகச் சுற்றிப் போய்விடும். கனத்த ஒலி இப்படித்தான் அழிகிறது. முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சந்திக்காமல் தடுக்க வேண்டும். அதற்கு மரப்பெட்டி வேண்டும். மரப்பெட்டிக்குக் காசு வேண்டும். பானை சில்லறைக்குக் கிடைத்தது.

பானை மலிவு மட்டும் அல்ல, ஸ்பீக்கருக்கு மிக நல்ல கூடு. சுட்ட மண் விறைப்பானது. பலகையைப் போல அதிராது. எதிரெதிர்ச் சுவர்கள் இல்லாததால் ஒலி இரண்டு சுவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ரீங்கரிக்காது. ஆனால் ஒவ்வொரு பானைக்கும் ஒரு சுருதி உண்டு. பாட்டில் அந்த ஸ்வரம் வரும்போது மட்டும் கும்மென்று ஊதும். அப்பா இலவம்பஞ்சைப் பிரித்து உள்ளே தளர்வாகப் போடுவார், ஊதல் அடங்கும். வாயில் ஸ்பீக்கர் உட்காரும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைப்பார், காற்றுக் கசியாமல் இருக்க. தண்ணீர் படாத புதுப்பானைதான் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஈரப்பானை பேப்பரை ஊற வைத்துவிடும்.

ஒரு பானை இரண்டானது ஸ்டீரியோவால். 1978இல் வந்த 'பிரியா' படத்தின் பாடல்களைத் தமிழின் முதல் ஸ்டீரியோ பதிவு என்பார்கள். ஒரே ஸ்பீக்கரில் கேட்டால் இளையராஜா இடப்பக்கமும் வலப்பக்கமும் பிரித்து வைத்த வாத்தியங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிடும். அதைச் சரியாகக் கேட்க விரும்பியவர்கள் கடைக்கு வந்து ஜோடி கேட்டார்கள். ஒரே சூளையில் வெந்த, ஒரே அளவுள்ள இரண்டு பானைகளைத் தட்டிப் பார்த்து, ஒரே ஓசை வரும்வரை அப்பா தேடி எடுப்பார்.

பெட்டிக்கு மாறியது அதற்குப் பிறகுதான். அப்பா சென்னை ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறிப் போய் எட்டங்குல ஸ்பீக்கரும், கீச்சொலிக்கான ட்வீட்டரும் வாங்கி வருவார். தேயிலைப் பெட்டிப் பலகையோ பிளைவுட்டோ ஆசாரியிடம் கொடுத்து, உள்ளளவு 12, 10, 15 அங்குலம் என்று சொல்வார். ஏறத்தாழ ஒரு கன அடி. மூலைகளில் கட்டை வைத்துப் பசை போட்டு இறுக்கி, மேலே ரெக்ஸின் ஒட்டுவார்கள். எட்டு ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 4.7 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று, மைனஸ் பிளஸ் இல்லாத வகை. அது சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை விட்டு, கீழே உள்ளதைக் குறைக்கும். அந்த ஒன்று இல்லாவிட்டால் ட்வீட்டர் கருகிப் போகும்.

கடைசியில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒயரில் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். "பாப்பா, பேப்பர் முன்னாடி வருதா, உள்ள போவுதா பாரு" என்பார். முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனை பிளஸ்; அதில் சிவப்புச் சாயம் வைப்பேன். இரண்டு பெட்டியிலும் இது ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கனத்த ஒலி அறைக்குள்ளேயே செத்துவிடும்.

பெட்டியில் துளைபோட்டு பி.வி.சி. குழாய் செருகினால் கனத்த ஒலி இன்னும் இறங்கி வரும். குழாயின் நீளத்தைக் கணக்குப் போட ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் வழி காட்டினார்; அந்தக் கட்டுரை 1971இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் இதழில் மறுபடி வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இதெல்லாம் எங்கள் கடைக்கு எட்டவில்லை. அப்பா குழாயை நீளமாக வைத்து, ஒரே நாதஸ்வரக் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, தவில் இயல்பாகக் கேட்கும்வரை அரை அங்குலம் அரை அங்குலமாக அறுத்தெடுப்பார். பின்னாளில் நான் கணக்குப் போட்டுச் செய்த பெட்டிகளிலும் கடைசி அரை அங்குலத்தைக் காதுதான் முடிவு செய்தது.

பிறகு ரெடிமேட் செட்டுகள் வந்தன. பிளாஸ்டிக் கூட்டில் ஒரு பெரிய ஸ்பீக்கர், இரண்டு குட்டி ஸ்பீக்கர். விலை குறைவு, பெட்டி செய்யச் சொல்லி வருகிறவர்கள் நின்றுபோனார்கள். ஆசாரிகள் அலமாரி வேலைக்குப் போனார்கள். அந்தச் செட்டுகளின் கும்மென்ற ஒற்றைச் சத்தத்தைவிட, பஞ்சு அடைத்த பானை எவ்வளவோ உண்மையாகப் பாடும். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

முதன்முதலாக ஒரு ஜோடி செய்ய நினைக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். மின்சாரத்திலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு ஸ்பீக்கரைக் கழற்றுங்கள், பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். பேப்பர் அசைந்து, கிழிசலும் உரசலும் இல்லாமல் இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். அதே அளவில் இன்னொன்றைப் பழைய சாமான் கடையில் தேடுங்கள். இரண்டு பானை, ஒரு பிடி இலவம்பஞ்சு, ஒரு சைக்கிள் டியூப். பெட்டிக்கான பணத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.