எண்பது உயிர்களும் ஒரு பிரேக் கணக்கும்



ஆர்முடுகல், அமர்முடுகல் பாடம் தொடங்கினால் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சேர், இதைப் படித்து என்ன பயன்?" அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதில் ஒரு வரலாறு. பெற்றோரும் அறிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

அயர்லாந்தில் ஆர்மா என்றொரு ஊர். 1889 ஜூன் 12ஆம் திகதி, அங்குள்ள மெதடிஸ்ட் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் வாரன்பொயின்ட் கடற்கரைக்குச் சுற்றுலா புறப்பட்டார்கள். 15 பெட்டிகள், 900க்கும் மேற்பட்ட பயணிகள். டிக்கெட் இல்லாதவர்கள் ஏறிவிடக்கூடாது என்று கதவுகளையும் பூட்டியிருந்தார்கள்.

ஊரைத் தாண்டியதும் ஏற்றம். 75 மீற்றர் போனால் 1 மீற்றர் உயரும் சாய்வு. நமது கடுகண்ணாவ ஏற்றத்தை விடக் குறைவுதான். ஆனாலும் உச்சிக்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போதே எஞ்சின் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. முன் 5 பெட்டிகளை மட்டும் முதலில் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்து, பின் 10 பெட்டிகளைக் கழற்றினார்கள்.

அந்த ரயிலில் இருந்தது பழைய வெற்றிட பிரேக். எஞ்சின் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சினால்தான் பிரேக் பிடிக்கும். குழாயைக் கழற்றினால் பிரேக் விட்டுவிடும். ஆகவே 10 பெட்டிகளையும் தாங்கி நின்றது கடைசிப் பெட்டியின் கை பிரேக்கும், சில்லுகளுக்கு அடியில் வைத்த கற்களும்தான். எஞ்சின் நகரும்போது சற்றுப் பின்னால் தட்டியது. சில்லுகள் கற்களைத் தாண்டின. பெட்டிகள் உருளத் தொடங்கின.

இப்போது கணக்கு. புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8. அதை 75ஆல் வகுத்தால் செக்கனுக்குச் செக்கன் 0.13 மீற்றர். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் உராய்வை விட்டுவிட்டால், ஒரே நிமிடத்தில் அது மணிக்கு 28 கிலோமீற்றர் வேகம்.

கீழே அதே பாதையில் வழக்கமான அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது. முன் ரயில் போய்க் குறித்த நிமிடங்கள் கழிந்தால் அடுத்ததை விடலாம் என்பதே அங்கிருந்த முறை. முன்னே போனது பாதையில் நிற்கிறதா என்று கடிகாரத்துக்குத் தெரியாது. மோதலில் சுமார் 80 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிள்ளைகள்.

ரயில்களைப் பிரிக்க வேண்டியது நிமிடங்களல்ல, தூரம். எவ்வளவு தூரம்? வேகத்தின் வர்க்கத்தை அமர்முடுகலின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அமர்முடுகல் 0.5 என்று வைத்தால், மணிக்கு 36 கிலோமீற்றரில் (செக்கனுக்கு 10 மீற்றர்) ஓடும் ரயில் நிற்க 100 மீற்றர் வேண்டும். 72இல் ஓடினால் 400 மீற்றர். வேகம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. ஆர்மா போன்ற இறக்கத்தில் அமர்முடுகல் 0.37 ஆகக் குறையும். 400 மீற்றர் 540 ஆகும். சாரதி சமிக்ஞையைக் கண்டு பிரேக் போட 5 செக்கன் எடுத்தால் மேலும் 100 மீற்றர். எச்சரிக்கைச் சமிக்ஞைக்கும் நிறுத்தச் சமிக்ஞைக்கும் இடையே இதைவிடக் குறைந்த தூரம் இருக்கக்கூடாது.

மனதை உறுத்துவது என்னவென்றால், இவை எதுவும் அன்று புதியவை அல்ல. ஒரு பிரிவுக்குள் ஒரே ரயில் என்ற முறையும், குழாய் அறுந்தால் தானாகவே பிடிக்கும் பிரேக்கும் ஏற்கனவே பாவனையில் இருந்தன. அரச பரிசோதகர்கள் பல வருடங்களாக வலியுறுத்தியும் வந்தார்கள். செலவு என்று கம்பனிகள் தள்ளிப்போட்டன. விபத்து நடந்த அதே வருடமே பிரித்தானியப் பாராளுமன்றம் இவை இரண்டையும் பயணிகள் ரயில்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நாம் மத்ரஸாவில் படித்தோம். கயிறு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று சொல்வது கணிதம். அடுத்த முறை பிள்ளை "என்ன பயன்" என்று கேட்டால், ஆர்மாவில் சுற்றுலா போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள்.