உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம்

நம்மிற் பலரை இவ்வூருக்குக் கொணர்ந்து சேர்த்தது பள்ளியில் பயின்ற ஆங்கிலமே எனலாம். அலுவலகத்தில் நாள்தோறும் நாம் எழுதும் அம்மொழி, இந்நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றிய வரலாற்றை இவ்வாண்டு மலரில் சிறிது நோக்குவோம்.

1835-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். அடுத்த திங்களே, அரசின் கல்வி நிதியை ஆங்கிலக் கல்விக்குச் செலவிடுமாறு பெண்டிங் பிரபு ஆணையிட்டார். ஆயினும் பெற்றோர் மனத்தைக் கவர்ந்தது, 1844-இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் வெளியிட்ட அறிவிப்பேயாகும். ஆங்கிலம் கற்றோர்க்கே அரசாங்க உத்தியோகத்தில் முதலிடம் என்று அது கூறிற்று. கல்வி அன்றே உத்தியோகத்தோடு பிணைக்கப்பட்டது.

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் தோன்றின. அவற்றின் நுழைவுத் தேர்வையே உயர்நிலைப் பள்ளிகள் குறிக்கோளாகக் கொண்டன. சரித்திரமும் கணிதமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. பொருள் விளங்காத மாணவன் என் செய்வான்? நெட்டுருச் செய்தான். தேர்வில் வென்று கல்லூரி புகுந்தோரும் ஆங்கில விரிவுரை புரியாது விழித்ததை, 1902-இல் அமைந்த பல்கலைக் கழக ஆணைக்குழு எடுத்துரைத்தது. விளங்கிக்கொள்ளும் பருவம் வருமுன் ஆங்கிலத்தைத் தொடங்கலாகாது என்றும் அறிவுறுத்திற்று.

நாமும் அவ்வழியே தேறியவர்கள்தாம். ஆங்கிலச் செய்யுளை வினாவிடைக்காகப் படித்தோமேயன்றிச் சுவைத்தோமில்லை. நம் மக்களோ பள்ளியில் தமிழைக் காண்பதரிது, வீட்டில்தான் கேட்கின்றனர். ஒரு மொழியிலேனும் ஆழ்ந்து சிந்திக்கப் பழகியவனே பிறமொழி இலக்கியத்தையும் நுகர வல்லான். ஆதலின் அவர்கள் ஆங்கிலம் நன்கு கற்கட்டும். மாலையில் அரை மணி நேரம் நம்மோடு அமர்ந்து தமிழ் நூலும் படிக்கட்டும்.